விளையாட்டும் உண்டியலும்

உலகத்தில் பெற்றோர்கள் இரண்டு வகைப்படுவர். "பையன் எந்நேரமும் செல்போனில் விளையாடுகிறான்" என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு வகை. அதே வருத்தத்தைச் சொல்லிக்கொண்டே, தங்கள் செல்போனில் வர்ண மிட்டாய்களை வரிசைப்படுத்திக் கொண்டிருப்பவர்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையார் தங்கள் ஆட்டம் முடிந்த பிறகு இதைப் படிக்கலாம் என்று சொல்லியிருப்போம். ஆனால் அந்த ஆட்டம் முடிகிறதில்லை. அது ஏன் முடிகிறதில்லை என்பதைத்தான் இந்த வாரம் விசாரிக்கப் போகிறோம்.

"பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று இளைய நேயர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். நமக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அதில் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் இந்த விளையாட்டுக்களை ஆடி வந்திருக்கிறோம். பர்மா பஜாரிலிருந்து வந்த டி.வி. கேமில் ஆடியிருக்கிறோம். 'ஒன்றில் 9999 ஆட்டங்கள்' என்று மேலே அச்சிட்டு, உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை மட்டும் வைத்திருந்த கைப்பெட்டியில் ஆடியிருக்கிறோம். கல்லூரி நாட்களில் பிரௌஸிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடியிருக்கிறோம். பரீட்சைக்கு முன்னாலும் ஆடினோம், பின்னாலும் ஆடினோம், பட்டமும் வாங்கினோம். இன்றைக்கும் விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்த பின், இரவில் ஒரு மணி நேரம் ஆடுவது வழக்கம். ஆகவே இந்த வழக்கில் நாம் பிரதிவாதியாகவும் சாட்சியாகவும் ஒருங்கே கூண்டில் ஏறுகிறோம்.

முதலில் ஒரு பொதுவான ஆட்சேபத்தைப் பைசல் செய்துவிடுவோம். "உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, எதிரே உள்ள பலகையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, மணிக்கணக்காய் விரலை அசைப்பது ஒரு விளையாட்டா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சென்னைப் பட்டணத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, எதிரே உள்ள பலகையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே ஒரு கையை மட்டும் அசைத்தவர்தான் நம் ஊர்ப் பிள்ளை குகேஷ். 2024-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, 18-வது வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். ஊரே கொண்டாடியது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, நேப்பியர் பாலத்துக்கே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டுவிட்டோம். ஆகையால் உட்கார்ந்து ஆடுவது குற்றம் என்ற வாதம் நம் ஊரில் செல்லாது.

"இரவில் கண் விழித்து ஆடுகிறார்களே!" என்பது அடுத்த ஆட்சேபம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத படத்தை விரித்து, தாயக்கட்டையை உருட்டி, பாம்பு வாயில் விழுந்தும் ஏணியில் ஏறியும் விடிய விடிய ஆடியவர்கள் நம்முடைய பாட்டிமார். அந்தப் படம் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், புண்ணிய பாவங்களையெல்லாம் கப்பலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாய்த் திரும்பி வந்தது. பல்லாங்குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ளும் சிறுமி, அடுத்த குழியில் எத்தனை விழும் என்று மனக்கணக்குப் போடுகிறாள். மூன்று புலியும் பதினைந்து ஆடுமாய்க் கோவில் மண்டபத்துக் கல்லில் ஆடிய பெரியவர்கள், எளியவர் சேர்ந்து நின்றால் வலியவரை மடக்கலாம் என்று பேரனுக்குக் காட்டினார்கள். ஆட்டம் என்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

ஆனால் இந்தப் பழைய ஆட்டங்களுக்கும் இன்றைய செல்போன் ஆட்டங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பல்லாங்குழிப் பலகையைச் செய்த தச்சருக்கு, பலகையை விற்றதோடு சரி. நீங்கள் எத்தனை நாழிகை ஆடுகிறீர்கள் என்பதில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இன்றைய ஆட்டத்தைச் செய்தவருக்கு, நீங்கள் எழுந்திருக்காமல் இருப்பதில்தான் லாபம். எல்லா வினையும் இந்த இடத்தில் ஆரம்பமாகிறது. விளையாட்டின் சரித்திரத்தைப் படிக்க வேண்டுமானால், வெடிச் சத்தத்தையும் வர்ணத்தையும் ஒதுக்கிவிட்டு, உண்டியல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுவரையில் மூன்று உண்டியல்கள் வந்திருக்கின்றன.

* * *

முதல் உண்டியல் பெட்டியின் முகத்திலேயே இருந்தது. 1972-இல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். காசு போட்டால் ஆடலாம். 1978-இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. ஆகாயத்திலிருந்து வரிசை வரிசையாய் இறங்கும் அந்நிய சேனையைச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை சுட்டாலும் மறுபடி வரும். போட்ட காசு சீக்கிரம் தீர்ந்தால்தான் அடுத்த காசு விழும் அல்லவா? ஆகவே அந்த ஆட்டங்களைக் கடினமாகவே செய்தார்கள். இதில் கபடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காசு போடும் துவாரம் கண்ணெதிரே இருந்தது. சட்டைப் பை காலியானதும் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

இரண்டாவது உண்டியல் கடைக்காரரின் மேஜையில் இருந்தது. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1985-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ' இதற்கு நல்ல உதாரணம். ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கி வந்தால், அதன் பிறகு செய்தவருக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அதனால் அவர்கள் ஆட்டத்துக்கு ஒரு முடிவு வைத்தார்கள். எட்டு உலகங்களைக் கடந்தால் ராஜகுமாரியை மீட்கலாம். மீட்டாகிவிட்டால் கதை முடிந்தது, சாப்பிடப் போகலாம். நாவல் ஒன்றைப் படித்து முடித்தவருக்கு வரும் திருப்தி இருக்கிறதே, அது இந்த ஆட்டத்திலும் உண்டு. நம் தலைமுறையில் விளையாடியவர்களுக்கு இந்த முடிவின் ருசி தெரியும். முடிவுக்கு ஒரு படி முன்னே மின்சாரம் நின்று போன துக்கமும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லத் தோன்றுகிறது. விழும் கட்டைகளை அடுக்குகிற 'டெட்ரிஸ்' என்ற ஆட்டத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ருஷ்யாவில் பிறந்தது. நின்டெண்டோ பெட்டிக்கென்று 1989-இல் வெளிவந்த டெட்ரிஸை மனிதர் யாரும் கடைசி வரையில் ஆடியதில்லை. கட்டை விழும் வேகத்துக்கு விரல் ஈடு கொடுக்காது என்றே எண்ணினார்கள். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஆடிக்கொண்டே போய், கணக்குப் போட முடியாமல் பெட்டியே ஸ்தம்பித்து நிற்கும்படி செய்துவிட்டான். 34 வருஷமாய் ஜனங்கள் மோதிப் பார்த்த மதில் அது. அந்த முப்பத்துச் சொச்சம் வருஷத்திலும் அந்த ஆட்டம் யாரிடமும் "இன்னும் கொஞ்சம் பணம் கொடு, வேகத்தைக் குறைக்கிறேன்" என்று பேரம் பேசியதில்லை. அதனால்தான் அந்தச் சிறுவனின் வெற்றி முழுக்க முழுக்க அவனுடையதாயிருக்கிறது.

மூன்றாவது உண்டியல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டம் இலவசம் என்கிறார்கள். இலவசமாய்க் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனிகள் மாளிகை கட்டுவது எப்படி என்று பார்ப்போம். 2012-இல் வந்த 'கேண்டி க்ரஷ்' மிட்டாய் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு ஐந்து உயிர் தருவார்கள். தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். காத்திருக்கலாம், சிநேகிதர்களிடம் யாசிக்கலாம், அல்லது பணம் கட்டலாம். ஸாவித்திரி தன் புருஷனுடைய உயிரை மீட்க யமனோடு எத்தனை வாதாடினாள்! இங்கே யமன் விலைப் பட்டியலோடு வந்து நிற்கிறான்.

இன்னும் யுக்திகள் உண்டு. தினமும் வந்து தலை காட்டினால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. இருபது வருஷமாய் வருகைப் பதிவேடு எடுக்கிற நமக்கே இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துப் பொறாமையாய் இருக்கிறது. அடுத்தது மூடிய பெட்டி. பணம் கட்டித் திறந்தால் உள்ளே அபூர்வமான பொருள் இருக்கலாம், உதவாத பொருளும் இருக்கலாம். இதைப் பையன்கள் விளையாட்டு என்கிறார்கள். லாட்டரிச் சீட்டை அறிந்த அவர்கள் பாட்டனார் வேறு பெயர் சொல்லுவார். பெல்ஜியம் தேசத்தின் அதிகாரிகளும் பாட்டனார் கட்சிதான். 2018-இல் சில ஆட்டங்களிலிருந்த இத்தகைய பெட்டிகளைச் சட்ட விரோதமான சூதாட்டம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது நாணய மாற்று. ஆட்டத்துக்குள் ரூபாய் செல்லாது. ரூபாயைக் கொடுத்து வைரமோ, பொற்காசோ வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டை ஒன்றுக்கு 60 வைரம் விலையென்றால், கடையில் 50 வைரப் பொட்டலமும் 100 வைரப் பொட்டலமும்தான் கிடைக்கும். மிச்சம் நாற்பது வைரம் உங்களை அடுத்த தடவை கூப்பிடும். பணத்தைச் சில்லாக மாற்றிக்கொண்டால் செலவு உறைக்காது என்பது சூதாட்ட விடுதிகள் எப்போதோ கண்டுபிடித்த உண்மை. பெற்றோர்களுக்கு நாம் கூறும் பரிகாரம் எளியது. பிள்ளை எது வாங்கினாலும், வைரக் கணக்கை ரூபாயாக மாற்றி, வீட்டுச் செலவு நோட்டில் பால், காய்கறிக்குக் கீழே அவனையே தன் கையால் எழுதச் சொல்லுங்கள். "சிவப்புக் கோட்டு, ரூ.400" என்று ஒரு முறை எழுதிப் பார்த்த பையன், அடுத்த கோட்டுக்கு முன்னால் சற்று யோசிப்பான். அந்தக் கோட்டினால் அவனுக்கு ஆட்டத்தில் பலம் கூடுவதில்லை என்பதையும் அவனே ஒப்புக்கொள்வான். சிநேகிதர்கள் பார்க்கிறார்கள் என்பதே அதன் விலை.

* * *

சூது என்ற சொல்லைச் சொல்லிவிட்டோம். அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். திருவள்ளுவர் பொருட்பாலில் 94-வது அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தாரே, அதிலேயே அவருடைய உலக ஞானம் தெரிகிறது. சூது என்பது முதலில் பொருளைத் தின்கிற வியாதி. நம் காலத்தில் அது ரம்மியாக வந்தது. இரவில் படுக்கையில் கிடந்தபடியே முன்பின் தெரியாதவர்களோடு பணம் வைத்து ஆடி, கடன்பட்டு, உயிரையே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி படித்து வந்தோம்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2021-இல் கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை ஹைகோர்ட்டு தள்ளிவிட்டது. 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. அந்த வருஷம் அக்டோபரில் சட்டசபை புதிய மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை அதை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் சம்மதம் கிடைத்தது. நவம்பரில் ஹைகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலால் அவற்றைத் தடுக்க முடியாது என்றது. பிறகு 2025-இல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பணம் வைத்து ஆடக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்று விதிகள் வந்தன. ஜூனில் ஹைகோர்ட்டு அந்த விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் பார்லிமெண்டு குறுக்கே புகுந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜயிக்கும் ஆட்டத்தைச் செல்போனில் நடத்துவதையே குற்றமாக்கிச் சட்டம் செய்தது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று விதித்தது.

இந்தச் சட்டத்தின் நோக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் அது காவல் நிற்பது ஒரு வாசலில். பணம் போட்டுப் பணம் எடுக்கும் வாசல் அது. பணம் போட்டு வைரம் எடுக்கும் வாசல், வைரம் போட்டு மூடிய பெட்டி எடுக்கும் வாசல், இவை வேறு பக்கத்தில் இருக்கின்றன. அந்த வாசலில் வரிசையாய் நிற்கிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். அங்கே காவல் நிற்க வேண்டியவர்கள் தகப்பனாரும் தாயாரும்தான்.

ஓர் ஆட்டத்தின் பெயரைச் சொல்லித் தடுப்பதிலும் அதிகப் பிரயோஜனம் இல்லை. 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் தேசப் பாதுகாப்பை முன்னிட்டு 'பப்ஜி' ஆட்டத்தைத் தடை செய்தது. ஒரு வாரம் துக்கம் காத்த நம் மாணவர்கள், இரண்டாவது வாரத்தில் வேறோர் ஆட்டத்துக்குக் குடி பெயர்ந்துவிட்டார்கள். 2021 ஜூலையில் பழைய ஆட்டம் புதிய பெயரோடு வந்தது. 2022-இல் மறுபடி போயிற்று. 2023-இல் மறுபடி வந்தது. இத்தனை போக்குவரத்திலும் பிள்ளைகள் ஆடுகிற நேரம் குறைந்ததாய் நமக்குத் தெரியவில்லை. சீனாவில் 2021-இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று கட்டளை போட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்த சட்டம் அது. நல்ல ஆட்டத்தையும் கெட்ட ஆட்டத்தையும் கடிகாரம் பிரித்துக் காட்டாது.

* * *

"நல்ல ஆட்டம் என்று ஒன்று உண்டா?" என்று கேட்பவர்களுக்கு நம் வகுப்பறை அநுபவத்தைச் சொல்லுகிறோம். அல்ஜீப்ராக் கணக்கு ஒரு முறை தப்பிப் போனால் பேனாவை மூடி வைத்துவிடுகிற பையன், ஆட்டத்தில் ஒரே அகழியில் நாற்பது தடவை விழுந்து நாற்பத்தோராவது தடவை தாண்டுகிறான். அவனுக்குப் பொறுமை இல்லையென்று எந்த வாத்தியாராவது சொல்ல முடியுமா? வித்தியாசம் எங்கே என்று யோசித்தால், ஆட்டத்தில் தோற்றவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை; ஏன் தோற்றோம் என்பது உடனே தெரிகிறது; அடுத்த முயற்சி அந்த நிமிஷமே கிடைக்கிறது. நம் பள்ளிக்கூடத்திலோ, தோல்வி சிவப்பு மையில் வருகிறது, மூன்று வாரம் கழித்து வருகிறது, எல்லோருக்கும் முன்னால் வருகிறது. இதைக் கண்ட பிறகு, பிழையான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் மறுநாளே இரண்டாவது முயற்சி கொடுப்பதை நம் வகுப்பில் வழக்கமாக்கியிருக்கிறோம். மாணவர்கள் இதை 'இன்னொரு உயிர்' என்கிறார்கள். இந்த உயிருக்கு நாம் காசு கேட்பதில்லை.

நல்ல ஆட்டத்துக்கு மற்றோர் உதாரணம், பெயரிலேயே தமிழ் மணக்கிறது. 'வெண்பா' என்பது அதன் பெயர். கானடாவில் டொராண்டோ நகரில் ஒரு சிறு குழுவினர் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டார்கள். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கானடா போய்க் குடியேறிய வெண்பா என்ற பெண்மணியின் கதை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். மகன் வளர வளர, அம்மா பேசும் தமிழும் கட்டிக் கொடுக்கும் டிபனும் அவனுக்குக் கூச்சமாய்ப் போகின்றன. துப்பாக்கி இல்லை, உண்டியல் இல்லை. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடுகிற ஆட்டம். முடிந்த பிறகு ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் செய்யத் தோன்றும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா சங்கத்தார் முதல் முயற்சிக்கான பரிசை அதற்கு வழங்கினார்கள்.

நம் தேசத்தில் விளையாடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நம் சமையலறையை, நம் திண்ணையை, நம் கதையை வைத்து ஆட்டம் செய்கிறவர்களோ சொற்பம். புனாவில் ஒரு குழுவினர் நம் புராண உலகத்தை வைத்து 2020-இல் 'ராஜி' என்ற ஆட்டத்தைச் செய்தார்கள். இப்படி விரல் விட்டுச் சொல்லலாம். இட்டிலிக் கதையைக்கூட டொராண்டோவிலிருந்து தருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நான் கேம் விளையாடியே பெரிய ஆளாவேன்" என்று சொல்லும் பையன்களிடம் நாம் ஒன்று கூறுவது வழக்கம். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்னணு ஆட்டங்களைக் காட்சிக்காக நடத்தியபோது இந்தியர் ஒருவர் வெண்கலம் வாங்கினார், உண்மை. 2023-இல் ஹாங்சௌ நகரில் அது மெடல் உள்ள பந்தயமாகவே ஆகிவிட்டது, அதுவும் உண்மை. ஆனால் சேப்பாக்கத்தில் பதினோரு பேர் ஆட, மற்றவர்கள் டிக்கெட்டு வாங்கிப் பார்க்கிற கணக்கு இதற்கும் பொருந்தும். ஆடுகிற ஆசையோடு, ஆட்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பிரித்துப் பார்க்கிற ஆசையும் இருந்தால், சித்திரம், சங்கீதம், கதை, கணிதம் ஆகிய நான்கு வாசலும் அவனுக்குத் திறந்திருக்கும்.

விளையாடுகிறவர்களுடைய சம்பாஷணையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். முகம் தெரியாத சகாக்களோடு காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடும்போது நம் பிள்ளைகள் பேசும் தமிழ் சில சமயம் காது கொடுத்துக் கேட்க முடியாதது. பெண் குழந்தை ஒருத்தி ஆட்டத்தில் சேர்ந்து வாய் திறந்தால் போதும், ஏளனம் ஆரம்பமாகிவிடும். நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, ஆண் பெயர் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பையன்களையெல்லாம் ஜயித்து வந்தாள். "பேசினால் தோற்றுப் போனவர்கள் திட்டுகிறார்கள், ஜயித்தவர்களும் திட்டுகிறார்கள், ஸார்" என்றாள். தெருவில் ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். செல்போனுக்குள் அந்த நாலு பேர் இல்லை. பிள்ளை ஆடும்போது காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, சத்தம் கூடத்தில் கேட்கும்படி ஆடச் சொல்லுங்கள். நாலு பேரில் ஒருவராவது அங்கே இருந்த மாதிரி ஆகும்.

* * *

"வெளியே போய் விளையாடேண்டா!" என்று சொல்வது எளிது. வெளியே என்றால் எங்கே? நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறது. 1920-இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஆரம்பித்த உடற்பயிற்சிக் கல்லூரியின் மைதானம் அது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு நம் தேசத்து வீரர்களோடு சென்றவர் அவர். ஓடி ஆடுவதை ஒரு கல்வியாகவே ஆக்கிய இடம் நம் பேட்டையில் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி, நாம் குடியிருக்கும் அடுக்கு வீடுகளுக்குள் வந்து பாருங்கள். முற்றம் இருந்த இடத்தில் மோட்டார் நிற்கிறது. 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. பலகையை மாட்டியவர்கள் பெரியவர்கள். மோட்டாரும் பெரியவர்களுடையதுதான். 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் பாடம் படிக்கவென்று செல்போனை வாங்கிக் கையில் கொடுத்தவர்களும் பெரியவர்களே. கதவை அடைத்து, பந்தைப் பிடுங்கி, செல்போனைக் கொடுத்துவிட்டு, "இவன் ஏன் செல்போனையே பார்க்கிறான்?" என்று ஆச்சரியப்படுவது என்ன நியாயம்? அடுத்த முறை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை அந்தப் பலகையைக் கழற்றி வைக்கும்படி யாராவது ஒரு தீர்மானம் கொண்டுவந்தால், அவருக்கு நம்முடைய ஓட்டு உண்டு.

கடைசியாக, வீட்டுக்கு உபயோகமான இரண்டொரு யோசனை. "எத்தனை மணி நேரம் ஆடுகிறான்?" என்ற கேள்வியோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா? அவன் எழுந்திருக்காவிட்டால் யாருக்கு லாபம்? யாரோடு ஆடுகிறான்? முடிவுள்ள ஆட்டத்தை, ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கி, தெரிந்த சிநேகிதர்களோடு ஆடுகிற பிள்ளையைப் பற்றி, பாடமும் தூக்கமும் கெடாத வரையில், அதிகக் கவலை வேண்டாம். அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயங்கவும் வேண்டாம். இலவச ஆட்டத்தைவிட விலைக்கு வாங்கிய ஆட்டமே பல வீடுகளில் மலிவாய் முடிகிறது.

விளையாட்டு எப்போது வியாதியாகிறது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அங்கீகரித்து 2022 முதல் அமலில் உள்ள வியாதிப் பட்டியலில் இதுவும் சேர்ந்திருக்கிறது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்றெல்லாக் காரியங்களையும் விட ஆட்டமே பெரிதாய்ப் போவது, கெடுதல் வந்த பிறகும் ஆட்டம் தொடர்வது, இவை சாதாரணமாக ஒரு வருஷத்துக்குக் குறையாமல் நீடிப்பது ஆகியவை அதன் லட்சணங்கள். இந்த அடையாளங்கள் கண்டால் வைவதை விட்டுவிட்டு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அரை மணி ஆடியதையெல்லாம் வியாதியென்று சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டாம்.

இன்னொன்று. நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி ஆள் மிஞ்சும் வரை சண்டையிடுகிற ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டு, பையன் எழுந்து வந்துவிட்டால், அவனை நம்பியிருக்கும் மூன்று சிநேகிதர்கள் நிர்க்கதியாவார்கள். அந்த ஆட்டம் ஏறக்குறைய அரை மணியில் முடிந்துவிடும். ஆகையால் "போதும், நிறுத்து!" என்று கத்துவதற்குப் பதிலாக, "இந்த ஆட்டம் முடிந்ததும் வந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி வந்தானானால், பிள்ளை ஆட்டத்தை ஆடுகிறான் என்று அர்த்தம். வரவில்லையானால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கோபிக்காமல், ஒரு நாள் முழு ஆட்டத்தையும் கூடவே ஆடிப் பாருங்கள். உண்டியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இரண்டு பேருமாய்த் தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் பையனே சொல்வான், "அப்பா, இவர்கள் நம்மை எழுந்திருக்க விடாமல் செய்கிறார்கள்!" என்று. அதன் பிறகு நீங்கள் கூப்பிட வேண்டியிராது.